மயக்கமா, வலிப்பா, துடிப்புக் கோளாறா: குடும்பத்தில் ஓடும் இதய நோய் கவனிக்கப்படாமல் போனதா என்று பார்க்கும் வழி

பன்னிரண்டு வயதுப் பிள்ளை பள்ளி மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படியே சுருண்டு விழுகிறாள். கை கால் சில நொடி உதறுகிறது. அரை நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து “என்னம்மா ஆச்சு?” என்று கேட்கிறாள். மருத்துவமனையில் மூளைக்கு ஸ்கேன், ஈஈஜி (மூளையின் மின் அலைப் பதிவு) எல்லாம் எடுக்கிறார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வலிப்பு மாத்திரை எழுதித் தருகிறார்கள். இதயத்தின் மின் ஓட்டத்தைப் பதியும் இசிஜி எடுக்கவே இல்லை. அல்லது எடுத்து, மெஷின் “நார்மல்” என்று அச்சடித்ததைப் பார்த்துக் கோப்பில் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத்தின் மின் ஓட்டம் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் எடுக்கும் நீண்ட க்யூடி நோய் வருடக்கணக்கில் தவறிப் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

வீட்டில் யாருக்காவது இப்படி நடந்திருந்தாலோ, சொந்தத்தில் ஓர் இளவயதுச் சாவு காரணம் தெரியாமல் போயிருந்தாலோ, “நமக்கும் இருக்குமோ, டாக்டர் பார்க்காமல் விட்டுவிட்டாரோ” என்ற பயம் மனதைக் குடையும். அந்தப் பயத்தை மனதில் வைத்துப் புழுங்காமல், நாலைந்து வேலைகளாகப் பிரித்துச் செய்தால் பெரும்பாலும் தெளிவு கிடைத்துவிடும்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு மின் ஓட்டம் இருக்கிறது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவை இதயச் செல்லுக்குள் போய் வரும் நுண்ணிய வாய்க்கால்கள்தான் அதை நடத்துகின்றன. அந்த வாய்க்கால்களை உருவாக்கும் மரபணுவில் பிழை இருந்தால் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி, மூளைக்கு ரத்தம் போகாமல் ஆள் விழுந்துவிடுவார். தானாகவே சரியானால் மயக்கம். சரியாகவில்லை என்றால் மரணம். இந்த வகையில் முக்கியமானவை மூன்று: நீண்ட க்யூடி நோய், சுருக்கமாக சிபிவிடி எனப்படும் ஓட்டத்திலும் படபடப்பிலும் வரும் துடிப்புக் கோளாறு, புருகாடா நோய். நீண்ட க்யூடி ஏறக்குறைய 2000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது; பிழை எந்த மரபணுவில் என்பதைப் பொறுத்து அதில் முக்கியமாக மூன்று வகை. புருகாடாவை 1992-இல் பெட்ரோ, ஜோசப் புருகாடா சகோதரர்கள் விவரித்தார்கள்.

இந்த மூன்றிலும் இதயத்தின் தசை, வால்வு, ரத்தக்குழாய் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆகவே “எக்கோ எடுத்தாச்சு, நார்மல்; ஆஞ்சியோவும் நார்மல்” என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. அவை பார்ப்பது பம்பையும் குழாயையும். நாம் கேட்பது மின்சாரத்தைப் பற்றி.

எந்த மயக்கத்தை விடக்கூடாது

மயங்கி விழுபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் கிடையாது. காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்று, ஊசியைப் பார்த்து, வெறும் வயிற்றோடு கோயில் நெரிசலில் நின்று விழுவது சாதாரண மயக்கம். அதற்கு முன்னோட்டம் இருக்கும்: வயிற்றைப் புரட்டும், வியர்க்கும், கண் இருட்டும், காது அடைக்கும், “எனக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் சரிவார்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கதை வேறு.

ஓடும்போது, படியேறும்போது, விளையாட்டின் நடுவில் விழுவது. ஓடி முடித்துச் சற்று நேரம் நின்றபின் வரும் தலைசுற்றலைவிட, ஓட்டத்தின் நடுவில் விழுவதே அதிகம் கவலைக்குரியது.

தண்ணீரில் விழுவது. நீண்ட க்யூடியின் முதல் வகைக்கு நீச்சல் தனிப்பட்ட தூண்டுதல். நன்றாக நீந்தத் தெரிந்த பையன் கிணற்றிலோ குளத்திலோ சத்தமில்லாமல் மூழ்கிப்போனான் என்றால் அதை வெறும் விபத்து என்று எழுதி முடிக்கக்கூடாது.

திடீர்ச் சத்தத்தில் விழுவது. அலாரம், தொலைபேசி மணி, தூக்கத்தில் வெடிச்சத்தம். இது இரண்டாம் வகையின் அடையாளம். இந்த வகை உள்ள பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் ஆபத்து கூடுதல்; இரவில் குழந்தை வீறிட்டு அழுததும் எழுந்த தாய் மயங்கி விழுந்தால், “ரத்தசோகை, அசதி” என்று மட்டும் நினைத்து விட்டுவிட வேண்டாம்.

படுத்திருக்கும்போது, தூக்கத்தில் வருவது. இரவில் மூச்சு திணறுவதுபோல ஒரு கரகரப்பு, எழுப்பினால் எழாமை, பிறகு தெளிவு. நீண்ட க்யூடியின் மூன்றாம் வகையும் புருகாடாவும் பெரும்பாலும் ஓய்விலும் தூக்கத்திலும்தான் தாக்கும்.

கடைசியாக, எந்த எச்சரிக்கையும் இல்லாமல், கையை ஊன்றக்கூட நேரமில்லாமல் விழுந்து முகத்தில் அடிபடுவது.

வலிப்புக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது நிபுணருக்கே கஷ்டம். இதயம் நின்றாலும் மூளைக்கு ரத்தம் போகாததால் கை கால் உதறும், சிலருக்குச் சிறுநீரும் போகும். ஆனாலும் சில குறிப்புகள் உதவும். இதயத்தால் வந்தால் முதலில் ஆள் துவண்டு விழுவார், முகம் வெளுக்கும், உதறல் அதன்பிறகு சில நொடிகளே இருக்கும், எழுந்ததும் பேச்சு தெளிவாக இருக்கும். வலிப்பில் உடல் முதலில் விறைக்கும், உதறல் ஒரு நிமிடத்தைத் தாண்டும், நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கும், எழுந்தபின் நெடுநேரம் குழப்பமோ ஆழ்ந்த தூக்கமோ இருக்கும். வலிப்பு மாத்திரை சாப்பிட்டும் ஓடும்போது மட்டும் விழுகிறார் என்றால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் இசிஜியைக் கேளுங்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

நடந்ததை எழுதி வையுங்கள்

மருத்துவரிடம் போனதும் “திடீர்னு விழுந்துட்டான் சார்” என்ற ஒரே வரியில் நாம் முடித்துவிடுகிறோம். கவனிக்கப்படாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். நோயாளிக்கு எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் நின்றவர்தான் சாட்சி. அந்த வகுப்புத் தோழனிடம், பி.டி. வாத்தியாரிடம், பக்கத்துப் படுக்கையில் இருந்த தம்பியிடம் நேரில் கேளுங்கள். விழுவதற்கு முந்தைய பத்து நொடி என்ன செய்துகொண்டிருந்தார்? நின்றாரா, ஓடினாரா, யாராவது அதட்டினார்களா? முகம் வெளுத்ததா, நீலம் பாய்ந்ததா? உதறல் எவ்வளவு நேரம்? எழுந்ததும் முதலில் என்ன பேசினார்? முந்தைய ஒரு வாரத்தில் காய்ச்சல், வாந்தி, பேதி, புது மாத்திரை ஏதாவது உண்டா? அரைப் பக்கத்துக்கு மேல் தேவையில்லை. எங்காவது சிசிடிவியில் பதிவாகியிருந்தால் அழிவதற்குள் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பரிசோதனையும் சொல்லாததை அது சில நேரம் சொல்லிவிடும்.

குடும்ப மரம் வரையும்போது

மூன்று தலைமுறை வேண்டும். தாத்தா பாட்டி, அவர்கள் பிள்ளைகள், உங்கள் தலைமுறை, இரு பக்கத்திலும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் குறுக்குக் கோடு, பக்கத்தில் இறந்த வயது. இந்த நோய்கள் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருபவை. ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. ஆண் பெண் வித்தியாசம் இல்லை. தாய்வழி என்றோ தந்தைவழி என்றோ ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

“யாருக்காவது இதய நோய் இருக்கா?” என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள், அல்லது எழுபது வயதுத் தாத்தாவின் மாரடைப்பைச் சொல்வார்கள். கேள்வியை மாற்றுங்கள். நாற்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்தார்களா? தூங்கப் போனவர் எழுந்திருக்காமல் போனாரா? நீச்சல் தெரிந்தும் மூழ்கியவர் உண்டா? எதிரே வண்டியே வராமல் பைக்கோடு போய் மோதியவர்? சின்ன வயதில் “காக்காய் வலிப்பு” என்று சொல்லப்பட்டவர்? தொட்டிலிலேயே இறந்த கைக்குழந்தை? பேஸ்மேக்கர் வைத்தவர்? கிராமத்துப் பாட்டிகளிடம் கேட்கும்போது “காத்து கருப்பு அடிச்சுடுச்சு”, “ராத்திரி தண்ணிக்குப் போனவன் முனி அறைஞ்சு விழுந்துட்டான்” என்று பதில் வரலாம். அதை மறுத்துப் பேச வேண்டாம். எத்தனை வயது, என்ன நேரம், என்ன செய்துகொண்டிருந்தார் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழில் “மாரடைப்பு” என்று இருந்தாலும், இருபத்தைந்து வயதில் உடற்கூறாய்வு இல்லாமல் எழுதப்பட்ட மாரடைப்பை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

நம் குடும்பங்களில் தவறாமல் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு மயக்கமோ வலிப்போ. 1957-இல் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இருவர் நார்வேயில் ஒரு குடும்பத்தில் கண்டு எழுதியது இதைத்தான். அப்பா அம்மா இருவரிடமும் ஒரே மரபணுப் பிழை இருந்து, இரண்டு பிரதியும் பிள்ளைக்கு வந்துசேர்ந்தால் உட்காதும் கெடும், க்யூடியும் மிக நீளும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று உறவுக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இப்படி இரண்டு பிரதியும் ஒரே பிள்ளையிடம் வந்துசேரும் வாய்ப்பு கூடுகிறது. சிபிவிடியிலும் ஒரு வகை இப்படித்தான் வரும். காது கேட்காத குழந்தைக்கு உட்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைக்கு முன் ஓர் இசிஜி எடுத்து, க்யூடியைக் கையால் அளந்து பார்த்தார்களா என்று கேட்டுவிடுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் மேசையில் இது முதல்முறையாகத் தெரியவரக் கூடாது.

இசிஜி தாளை எடுத்து வைத்துப் பார்ப்போம்

பழைய இசிஜிகளையெல்லாம் தேடி எடுங்கள். அவை வெப்பத்தால் அச்சாகும் தாள்கள், நாளடைவில் மங்கிவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் செய்தால் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்து எல்லாம் போய்விடும். வெளிச்சத்தில் நேராக வைத்துப் படம் எடுங்கள், ஜெராக்ஸ் போட்டு வையுங்கள்.

தாளின் ஓரத்தில் வேகம் அச்சாகியிருக்கும். நொடிக்கு 25 மில்லிமீட்டர் என்று இருந்தால் ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி, அதாவது 40 மில்லிசெகண்ட். ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 200 மில்லிசெகண்ட். இரண்டாம் லீட் அல்லது வி5 என்ற வரியைப் பாருங்கள். கூரான உயர்ந்த அலைக்குச் சற்று முன், கோடு முதன்முதலில் விலகும் இடத்தில்தான் க்யூடி தொடங்குகிறது. அதைத் தொடர்ந்து வரும் வட்டமான டி அலை இறங்கி அடிக்கோட்டைத் தொடும் இடத்தில் முடிகிறது. டி அலையின் இறக்கத்தில் மிகச் செங்குத்தான பகுதியை ஒட்டி ஸ்கேலை வைத்துக் கோடிழுங்கள். அந்தக் கோடு அடிக்கோட்டை வெட்டும் புள்ளியே முடிவு. அதற்குப் பின்னால் யூ அலை என்ற சின்ன மேடு வந்தால் அதைச் சேர்க்கக் கூடாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். க்யூடி 11 சின்னக் கட்டம், அதாவது 0.44 நொடி. ஒரு கூர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே 20 கட்டம், அதாவது 0.8 நொடி, துடிப்பு நிமிடத்துக்கு 75. துடிப்பு வேகமானால் க்யூடி தானாகக் குறையும் என்பதால், இடைவெளியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். இது பேசெட் 1920-இல் தந்த சூத்திரம். 0.8-இன் வர்க்கமூலம் 0.894. 0.44-ஐ அதனால் வகுத்தால் 0.492. துடிப்பின் வேகத்துக்கு ஏற்ப இப்படித் திருத்திய க்யூடிதான் க்யூடிசி; இங்கே அது 492 மில்லிசெகண்ட்.

ஆண்களுக்கு 450 வரையும் பெண்களுக்கு 460 வரையும் இயல்பு என்று வைத்துக்கொள்ளலாம். மருந்தோ, ரத்தத்தில் பொட்டாசியம் போன்ற உப்புகளின் குறைவோ காரணமில்லாமல், திரும்பத் திரும்ப எடுத்த இசிஜிகளில் 480-உம் அதற்கு மேலும் வந்தால், மயக்கமே வராவிட்டாலும் அது நீண்ட க்யூடி நோய்தான் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. 500-ஐத் தாண்டினால் ஆபத்து தெளிவாகக் கூடுகிறது. இடைப்பட்ட எண்ணுக்கு, காரணம் தெரியாத மயக்கமும் சேர்ந்தால்தான் எடை.

இப்போது அதே தாளில் ஒரே ஒரு சின்னக் கட்டத்தைத் தவறவிடுங்கள். 11-க்குப் பதில் 10 என்று எண்ணினால் 0.40 வகுத்தல் 0.894, அதாவது 447. நோய் என்று நின்ற எண் இயல்பாகிவிட்டது! ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள கட்டத்தில் இவ்வளவு தொங்கிக்கொண்டிருக்கிறது. டி அலை தட்டையாகவோ இரண்டாகப் பிளந்த முதுகோடோ இருந்தால் மெஷின் இந்த இடத்தில்தான் சறுக்கும். துடிப்பு 100-ஐத் தாண்டும்போது பேசெட் கணக்கு எண்ணைக் கூட்டிக் காட்டும், மிக மெதுவான துடிப்பில் குறைத்துக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்; பயந்து அழும் குழந்தையின் இசிஜியை வைத்து முடிவு கட்டக் கூடாது.

வீட்டில் அளப்பதன் பயன், சரியான கேள்வியோடு மருத்துவரிடம் போவது மட்டுமே. அவசரத்துக்கு ஒரு கண்மட்டக் கணக்கும் உண்டு: துடிப்பு 60 முதல் 100-க்குள் இருக்கும்போது, க்யூடி இரண்டு கூர் அலைகளுக்கு நடுவிலுள்ள தூரத்தில் பாதிக்குள் முடிய வேண்டும். மேலே உள்ள தாளில் பாதி 10; க்யூடி 11. தாண்டிவிட்டது, ஆகவே நிபுணரிடம் காட்ட வேண்டும்.

யாரிடம் போவது, எதைக் கேட்பது

இதய நிபுணர்களிலும் துடிப்புக் கோளாறுகளுக்கென்றே தனிப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட் என்பார்கள். முடிந்தால் அவரையே பாருங்கள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகளின் இதயப் பிரிவில் விசாரிக்கலாம். வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் போன்ற இடங்களில் இதற்கான பிரிவுகள் உண்டு. எழுதிய அரைப் பக்கம், குடும்ப மரம், எல்லா இசிஜிகளின் அசல், சாப்பிட்ட மருந்துகளின் அட்டை ஆகியவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அங்கே சங்கடப்படாமல் கேட்கலாம்: “டாக்டர், க்யூடிசியை நீங்களே கையால அளந்து பார்க்க முடியுமா? எவ்வளவு வருது?” எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “நார்மல்” என்ற சொல்லைவிட 438 என்ற எண் பிற்காலத்தில் பயன்படும்.

ஓர் இசிஜி இயல்பாக இருந்தால் விஷயம் முடிந்ததா? மூன்று நோய்க்கும் மூன்று பதில். நீண்ட க்யூடி மரபணுப் பிழை உள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு ஓய்வில் எடுத்த இசிஜி இயல்பு எல்லைக்குள்ளேயே இருக்கும். ஆகவே படுத்து எடுத்ததும் சட்டென்று எழுந்து நிற்கவைத்து இன்னொன்று எடுப்பார்கள். டிஎம்டியில், அதாவது ஓடும் பட்டையில் ஏற்றி இசிஜி எடுக்கும் சோதனையில், ஓடவைத்து, நிறுத்தியபின் நான்காவது நிமிடத்தில் க்யூடிசி 480-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். பல இடங்களில் ஓட்டம் முடிந்ததும் ஒன்றிரண்டு நிமிடத்தில் ஒயரைக் கழற்றிவிடுகிறார்கள். “ரெகவரி அஞ்சு நிமிஷமாவது பதிவு பண்ணுங்க” என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

சிபிவிடியில் ஓய்வு இசிஜி பெரும்பாலும் இயல்பு. எக்கோ இயல்பு. பலருக்கு, உடம்பில் மாட்டி நாள் முழுக்க இசிஜி பதியும் 24 மணி நேர ஹோல்டரும் இயல்பாக வந்துவிடும், அன்றைக்கு ஓடாமல் வீட்டில் இருந்திருந்தால். டிஎம்டியில் துடிப்பு 100, 120 என்று ஏறும்போதுதான் கூடுதல் துடிப்புகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டி, ஏற ஏறப் பெருகும். ஓடும்போது விழுந்த பிள்ளைக்கு டிஎம்டி எடுக்காமல் “ஒன்றுமில்லை” என்று அனுப்புவது அரைகுறை வேலை. நாங்கள் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மூன்றிலும் சிறுவயதில் மிக அதிகமாகக் கொல்லக்கூடியதும் மிக எளிதாகத் தவறவிடப்படுவதும் இதுதான். இதயம் நின்றால் மீட்பதற்கான ஏற்பாட்டோடு, மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே அந்த ஓட்டத்தை நடத்த வேண்டும்.

புருகாடாவின் அடையாளம் வி1, வி2 லீட்களில் வளைந்து இறங்கும் ஒரு மேடு. அது இன்று இருக்கும், நாளை மறையும். அதே லீட்களுக்காக நெஞ்சில் ஒட்டும் முனைகளை இரண்டு விலா இடைவெளி மேலே நகர்த்தி வைத்து எடுத்தால் தெரியலாம். காய்ச்சலின்போது எடுத்தால் தெரியலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் மருத்துவமனையில் அஜ்மாலின் போன்ற மருந்தை நரம்பில் செலுத்திச் சோதிப்பார்கள். தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், ஜப்பான் நாடுகளில் இளம் ஆண்கள் தூக்கத்தில் இறப்பதற்குத் தனித்தனிப் பெயர்களே உண்டு. அந்தச் சாவுகளில் பலவற்றுக்குப் பின்னால் இருந்தது இந்த நோய்தான்.

மரபணுச் சோதனையில் வரிசை முக்கியம். பயப்படுகிறவருக்கு முதலில் எடுப்பது தவறு. நோய் உறுதியானவருக்கு, அவர் இல்லையென்றால் அடையாளம் மிகத் தெளிவாக உள்ளவருக்கு முதலில் எடுக்க வேண்டும். அவரிடம் பிழை கண்டுபிடிக்கப்பட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு பிழையை மட்டும் தேடினால் போதும். உறுதியான நீண்ட க்யூடியில்கூட முக்கால்வாசிப் பேருக்குத்தான் பிழை அகப்படும். புருகாடாவில் ஐந்தில் ஒருவருக்குத்தான். குடும்பத்தில் பிழை எதுவென்றே தெரியாதபோது உங்களுக்கு மட்டும் எடுத்து “ஒன்றும் இல்லை” என்று வந்தால், அதை வைத்து நிம்மதி அடைய முடியாது. “பொருள் தெளிவில்லாத மாற்றம்” என்று ஒரு முடிவும் வருவதுண்டு. அதை நோய் என்று எடுத்துக்கொண்டு யாருக்கும் மாத்திரையோ கருவியோ வைக்கக் கூடாது, கல்யாணப் பேச்சையும் நிறுத்தக் கூடாது.

பதில் வரும்வரை வீட்டில்

இங்கேதான் நாம் நம் கையால் ஆபத்தை இழுத்துவிட வாய்ப்பு அதிகம். பேதியும் வாந்தியுமாக இருக்கும் பிள்ளைக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். வாந்திக்கு ஆன்டான்செட்ரான் அல்லது டோம்பெரிடோன், பேதிக்கு சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது ஆஃப்ளாக்சசின். இவை க்யூடியை நீட்டக்கூடியவை. பேதியாலோ உடம்பில் பொட்டாசியம் ஏற்கெனவே இறங்கியிருக்கும், அதுவும் க்யூடியை நீட்டும். எல்லாம் ஒரே நாளில் ஒரே உடம்பில் சேர்கின்றன. வயிற்று எரிச்சலுக்குக் கொடுக்கும் பேன்டோப்ரசோல் கேப்சூலிலும் பல நேரம் டோம்பெரிடோன் சேர்ந்தே வருகிறது. அட்டையைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

சளிக்கு அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்கு ஃப்ளூகனசோல், மனநலத்துக்கு எஸ்சிட்டலோப்ராம், ஹாலோபெரிடால், மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. கிரெடிபிள்மெட்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு முழுப் பட்டியலையும் இலவசமாகத் தருகிறது. புதிதாக எந்த மருந்தை எழுதினாலும் “க்யூடி சந்தேகம் இருக்கு, இது சரிதானா” என்று கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுவருவதை எழுதிய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். வாந்தி பேதிக்கு உடனே ஓஆர்எஸ், அதோடு இளநீர். குடிப்பது தங்கவில்லை என்றால் மருத்துவமனையில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓடும்போதோ தண்ணீரிலோ விழுந்தவருக்கு, முடிவு தெரியும்வரை போட்டி விளையாட்டும் தனியாக நீச்சலும் வேண்டாம். சத்தத்தில் விழுந்தவரின் படுக்கையருகே அலாரத்தையும் போனையும் வைக்காதீர்கள். தோளைத் தொட்டு மெதுவாக எழுப்புங்கள். புருகாடா சந்தேகம் என்றால் காய்ச்சல் வந்தவுடன் பாரசிட்டமால் கொடுத்து இறக்க வேண்டும். காய்ச்சல் தணியவில்லை என்றால் மருத்துவமனையில் இசிஜி எடுங்கள்.

வீட்டில் இரண்டு பேராவது நெஞ்சை அழுத்தும் முதலுதவியைக் கற்றிருக்க வேண்டும். ஆள் விழுந்து, அசைவில்லை, மூச்சு சரியில்லை என்றால் தண்ணீர் தெளித்து, சாவிக்கொத்தைக் கையில் திணித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒருவர் அழுத்த, இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும், இலங்கையில் 1990. பக்கத்தில் ஏஇடி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும்) கருவி இருந்தால் கொண்டுவந்து மாட்டுங்கள். எப்போது அதிர்ச்சி தர வேண்டும் என்பதை அதுவே சொல்லும்.

ஒருவர் இறந்துபோன வீட்டில்

துக்க வீட்டில் இதைச் சொல்வது கடினம். ஆனால் சொல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்கான தடயம் எரிந்துவிடும். இளவயதில் காரணமில்லாமல் இறந்தவருக்கு உடற்கூறாய்வு நடக்கும்போது, இதயம் இயல்பாக இருந்தால் மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்து வைக்கும்படி மருத்துவரிடம் எழுத்தில் கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ சேர்த்த ஊதா மூடிக் குழாயில் 5 முதல் 10 மில்லி ரத்தம், அல்லது உறைநிலையில் வைத்த மண்ணீரல் துண்டு. ஃபார்மலினில் போட்ட திசுவில் மரபணு சிதைந்துவிடும், அதை நம்ப முடியாது. குடும்பத்தில் நிதானமாக இருக்கும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இந்த ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் போதும். அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகிய எல்லோருக்கும் அடுத்த சில வாரங்களுக்குள் இசிஜி, அதோடு டிஎம்டி, எக்கோ பார்க்க வேண்டும்.

நோய் உறுதியானால்

நீண்ட க்யூடிக்கும் சிபிவிடிக்கும் முதல் மருந்து, இதயத்தின்மேல் அட்ரினலினின் தாக்கத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர்: ப்ரோப்ரனலால், கிடைக்கும் இடத்தில் நாடலால். மெட்டோப்ரோலால் நீண்ட க்யூடியில் அந்த அளவு காப்பதில்லை என்பதால், பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரை ஒரு வேளைகூட விடக்கூடாது. விரதம், திருவிழாப் பயணம், தேர்வுக் காலம் ஆகியவற்றில்தான் விடுபடும். பயணப் பையில் தனியாக ஓர் அட்டை எப்போதும் இருக்கட்டும். பிள்ளை எடை ஏற ஏற அளவும் ஏற வேண்டும். 25 கிலோவில் தொடங்கிய அளவையே 45 கிலோவிலும் கொடுத்துக்கொண்டிருப்பது அடிக்கடி காணும் தவறு. மாத்திரை போதாதவர்களுக்கு இதயத்துக்குப் போகும் இடப்பக்க நரம்பை வெட்டும் அறுவை, துடிப்பு தாறுமாறானால் உடலுக்குள்ளிருந்தே அதிர்ச்சி தந்து மீட்கும் ஐசிடி கருவி என்று அடுத்த படிகள் இருக்கின்றன. புருகாடாவுக்கு பீட்டா பிளாக்கர் வழியல்ல. ஆபத்தைக் கணித்து ஐசிடி தேவையா என்று முடிவெடுப்பார்கள்.

எல்லாம் பார்த்தும் ஒன்றும் இல்லை என்று வந்தால்? குடும்பத்துப் பிழை எதுவென்று தெரிந்து, உங்களிடம் அது இல்லை, உடம்பிலும் தொந்தரவு இல்லை என்றால் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அந்த நோய்க்காக இனிப் பரிசோதனை தேவையில்லை, நீந்தலாம், ஓடலாம். பிழை எதுவென்று தெரியாத வீட்டில், தொந்தரவில்லாத பெரியவர்களுக்கு முழுப் பரிசோதனையும் இயல்பாக வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். பிள்ளைகளை மட்டும் வளர்ந்து முடியும்வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பக் காட்டுங்கள். வயது ஏறும்போது வெளிப்படுவது உண்டு. ஒவ்வொரு முறையும் க்யூடிசி எண்ணையும் தேதியையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.